இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்: தசைக்குள் நடப்பது என்ன?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 110-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 210, 220 என்று வருகிறது. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள் என்கிறார் டாக்டர். முக்கால் மணி நேரத்தில் ஆகாதது பத்து நிமிடத்தில் ஆகிவிடுமா?”

பெரிய அளவுக்கு ஆகும். காலை நடையால் இதயத்துக்கும் எடைக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் நன்மை உண்டு, அதை விட வேண்டாம். ஆனால் இரவுச் சாப்பாட்டின் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவது பத்து, பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சோபாவில் ஓய்ந்து கிடக்கின்றன. டாக்டர் மாற்றச் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. சர்க்கரை அளவு 100 என்றால் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது மொத்த இரத்தத்திலும் 5 கிராம் குளுக்கோஸ். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து, இரண்டு கப் சாப்பிட்டால் 90 கிராம். சர்க்கரைக்குப் பயந்து சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்கள் மும்பைத் தமிழர்களில் நிறையப் பேர். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியிலும் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. நான்கு சாப்பிட்டால் 80 கிராம். இரண்டில் எதைச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் உள்ளதைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேல் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் குடல் வழியாக உள்ளே வருகிறது. ஒருபக்கம் வரவர மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் அளவு கட்டுக்குள் நிற்கும். அப்படி வெளியேறும் சர்க்கரைக்குப் போக்கிடமாக இருப்பதில் முக்கியமானது எலும்புத் தசை.

செரிமானம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்: அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கிறது, சிறுகுடல் குளுக்கோஸை உறிஞ்சுகிறது, கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்தைத் தொடும்.

இன்சுலின் ஒரு சாவி, செல்லின் கதவை அது திறக்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நீரிழிவைப் புரிந்துகொள்ள இந்த உவமை போதாது. தசைச் செல்லின் சுவரில் திறப்பதற்குப் போதுமான கதவுகளே கிடையாது. பெரும்பாலானவற்றைக் கழற்றி உள்ளறையில் அடுக்கி வைத்திருக்கிறது செல்.

அந்தக் கதவின் பெயர் குளூட்-4. குளுக்கோஸ் நீரில் கரைவது, செல்லின் சவ்வு கொழுப்பாலானது. ஒரு புரதம் வழிவிட்டால்தான் குளுக்கோஸ் உள்ளே போக முடியும். சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவித் தைத்ததுபோல் மடிந்திருக்கும் குளூட்-4 வெறும் துளை அல்ல. முதலில் வெளிப்புறம் திறந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பிடிக்கும். பிறகு வடிவம் மாறி வெளிப்புறத்தை மூடி, உட்புறம் திறந்து விடுவிக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. ஓய்வாக இருக்கும் தசையில் இந்தப் புரதங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் செல்லுக்குள்ளேயே, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்பைகளில் பதிந்து கிடக்கின்றன.

எதற்கு இந்த ஒளித்துவைப்பு? மூளையைக் கவனித்தால் விடை தெரியும். மூளைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும், மணிக்கு 5 கிராம். அதன் கதவுகளான குளூட்-1, குளூட்-3 எப்போதும் சவ்விலேயே இருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும் தசையும் அப்படிக் கதவுகளைத் திறந்தபடி வைத்திருந்தால், இரத்தத்தில் உள்ள அந்த ஒரு தேக்கரண்டியைச் சற்று நேரத்தில் காலி செய்து மூளையை மயக்கத்தில் தள்ளிவிடும். அதனால், சர்க்கரை மிகுந்திருக்கும்போதும், தனக்கே வேலை வந்திருக்கும்போதும் மட்டும் தசை கதவைப் பொருத்திக்கொள்கிறது. இப்படி இரண்டு சந்தர்ப்பங்கள் இருப்பதால் கட்டளையும் இரண்டு வழிகளில் வருகிறது.

முதல் வழி இன்சுலினுடையது. அது செல்லின் வெளிப்புற ஏற்பியில் ஒட்ட, உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தூண்டிச் செய்தி நகர்கிறது. கடைசியில் நிற்பது டிபிசி1டி4 என்ற புரதம், நுண்பைகளைப் புறப்பட விடாமல் பிடித்திருக்கும் தடை. செய்தி வந்ததும் அதில் பாஸ்பேட் ஒட்டுகிறது, தடை தளர்கிறது, நுண்பைகள் சவ்வை நோக்கி நகர்ந்து அதனோடு இணைகின்றன. கதவுகள் மேற்பரப்புக்கு வந்துவிட்டன. இந்த ஒரு புரதம் எவ்வளவு முக்கியம் என்பது 2014-இல் கிரீன்லாந்து மக்களிடம் நடந்த மரபணு ஆய்வில் வெளிவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதன் பழுதான மரபணுவைப் பெற்றவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு.

இரண்டாம் வழிக்கு இன்சுலின் தேவையில்லை. ஓர் அடி எடுத்துவைக்கும்போது நரம்பின் ஆணையால் தசைக்குள் கால்சியம் வெளியாகிறது. அதுவே ஒரு சமிக்ஞை. சுருங்கும் தசை, ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழிக்கிறது. செலவின் எச்சமான ஏஎம்பி கூடியதும், செல்லின் எரிபொருள் அளவைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. தசை இழுபடுவதும்கூடச் செல்லின் உள்சட்டகம் வழியாகச் செய்தி அனுப்புகிறது. இவை மூன்றும் சேர்ந்து அதே தடைப் புரதத்தையும் அதன் இணையான டிபிசி1டி1-ஐயும் தளர்த்துகின்றன. அதே நேரத்தில் தசையின் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் கூடுகிறது. உள்ளே வந்த குளுக்கோஸில் ஹெக்சோகைனேஸ் நொதி உடனே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அதைக் கழற்றும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. ஆகவே தசைக்குள் போன சர்க்கரை சர்க்கரையாக இரத்தத்துக்குத் திரும்புவதில்லை.

இரண்டாம் வகை நீரிழிவில் பழுது ஏற்படுவது பெரும்பாலும் முதல் வழியில்தான். தசையில் குளூட்-4 ஏறக்குறைய இயல்பான அளவில் இருக்கிறது. இன்சுலினின் செய்திதான் சரியாகப் போய்ச் சேருவதில்லை. உடற்பயிற்சி செய்ததும் நீரிழிவு உள்ளவர்களின் தசையிலும் குளூட்-4 சவ்வுக்கு வருவதை 1999-லேயே தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். இருபது ஆண்டு நீரிழிவுக்குப் பிறகும் நடை பலன் தருவதற்கு இதுதான் காரணம். நோயாளிகளிடம் இதைச் சொல்லாமல் ‘வாக்கிங் போங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய குறை.

நுண்பை சவ்வோடு இணையும் விதத்தை முதலில் கற்றுக்கொடுத்ததில் ஈஸ்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் 1970-களில் ஆய்வைத் தொடங்கிய ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ரோத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோரோடு 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாவைப் புளிக்கவைக்கும் ஓர் உயிரியை ஆராய அன்று யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும், செல்லுக்குள் சுமை இழுக்கும் மோட்டார் புரதங்களைப் பற்றி அருமையான வேலை நடந்திருக்கிறது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டதோ, 2020-21 கணக்கின்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உள்ள நாட்டுக்கு இது போதாது. இன்னொரு பக்கம், சர்க்கரையை வேரோடு அறுக்கும் என்று விற்கும் சூரணங்களுக்கு மக்கள் மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்றே தெரியாமல் சாப்பிடுவது உயிரோடு விளையாடுவது.

வாசகரின் கேள்விக்கு நேரான சோதனை நியூசிலாந்தில் நடந்து 2016-இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர். இரண்டு வாரம் விருப்பப்பட்ட நேரத்தில் தினமும் 30 நிமிடம், இரண்டு வாரம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம். மொத்த நடை ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 விழுக்காடு. இரவில் மாவுச்சத்து அதிகம், அசைவு குறைவு. இன்சுலினுக்கு உடல் இணங்குவதும் காலையைவிட மாலையில் குறைவு. லோக்கல் ரயிலில் வந்து இறங்கி ஒன்பதரைக்குச் சாப்பிட்டு உடனே படுக்கும் மும்பை வாழ்க்கைக்கு இது அப்படியே பொருந்தும்.

செய்ய வேண்டிய முறை: சாப்பிட்டு முடித்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 அடி, பத்து நிமிடத்தில் ஆயிரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 35 கலோரி அளவு. கலோரியாகப் பார்த்தால் அற்பம், ஆனால் அதில் பாதி குளுக்கோஸிலிருந்து வந்தாலே 4 கிராம் ஆகிறது. முழு இரத்தத்திலும் இருப்பதே 5 கிராம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த 4 கிராமில் ஒரு பங்கு தசையின் சொந்தச் சேமிப்பான கிளைக்கோஜனிலிருந்து வரும் என்றாலும் மிச்சம் கணிசமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் வெளியே போக வேண்டியதில்லை. கட்டடத்தின் தாழ்வாரம் போதும், தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைத்தாலும் தசைக்கு வேறுபாடு தெரியாது.

வேகத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்று ஓடக் கூடாது. மூச்சு வாங்கும் அளவுக்குப் போனால் அட்ரினலின் சுரந்து, கல்லீரல் சேமிப்பை அவிழ்த்துவிட்டுச் சர்க்கரை ஏறலாம், நெஞ்செரிச்சலும் வரும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ரப்பர் செருப்பில் நடக்க வேண்டாம்; மூடிய ஷூ, காய்ந்த சாக்ஸ், திரும்பியதும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு மாத்திரைகள் அல்லது இன்சுலின் ஊசி எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு. மும்பைப் புழுக்கத்தில் வியர்வையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசியைக் கவனியுங்கள். அவை தெரிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். பேடாவும் சாக்லேட்டும் உதவாது, கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ் எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் வேலை செய்யாது, அதை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் தசைக்கு வேறு வழி இருக்கிறதே என்று ஊசியைக் குறைத்துவிடக் கூடாது. இன்சுலின் இல்லாவிட்டால் கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், கொழுப்பு உடைந்து கீட்டோன் அமிலமாகச் சேரும்.

பலனை நீங்களே அளந்து பார்க்கலாம், ஆனால் ஒரே அளவீட்டை நம்ப வேண்டாம். தரமான குளுக்கோமீட்டருக்கே 15 விழுக்காடு வரை பிழை அனுமதி உண்டு. உண்மையான 200-ஐ அது 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். ஒரே இரவுச் சாப்பாடு, ஒரே அளவு: மூன்று நாள் நடக்காமல், மூன்று நாள் நடந்து. முதல் கவளத்திலிருந்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் சோதித்து மூன்று நாள் சராசரிகளை ஒப்பிடுங்கள். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை எகிறச் செய்யும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும், எடுத்ததும் மூடுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்களையும் தேதியோடு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மாத்திரையின் அளவை மாற்றலாமா என்பதை அதை வைத்து அவர் முடிவு செய்யட்டும்.