நன்னடத்தை ஜாமீனா? வழக்கு இன்னும் முடியவில்லை

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மகனை நன்னடத்தை ஜாமீனில் விட்டதும், "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை அம்மா. மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவில் தண்டனையைத் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். நிபந்தனையை மீறினால் அதே பிரிவின்படி கைது வாரண்ட் வரலாம். பழைய குற்றத்துக்கே தண்டனை விழலாம். புதுக் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

யாருடைய மேற்பார்வையில் இருப்பது, எங்கே தங்குவது, யாரோடு சேரக்கூடாது, குடிக்கலாமா என்பதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடும் ஜாமீன் பத்திரத்தில் இருக்கலாம். மலாயில் இருக்கும். வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் வேலைக்காகச் செந்தூலிலிருந்து கெப்போங்குக்கு அறை மாறினான். முகவரியைச் சொல்ல அம்மா போனார். நீதிமன்றக் கவுண்டரில் போலீசுக்குப் போ என்றார்கள். போலீசில் மேற்பார்வை அதிகாரியிடம் போ என்றார்கள். அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். மூன்று நாள் சம்பளம் போனது. கடைசியில் ஒருவர் வாயால் "ஓகே" என்றார். கடிதங்கள் பழைய வீட்டுக்கே போயின. போலீஸ் சாலைத் தடுப்பில் ஐசியை (அடையாள அட்டையை)ப் பார்த்தபோதுதான் வாரண்ட் இருப்பது தெரிந்தது. அந்த அம்மாவின் பிளாஸ்டிக் பையில் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன, சாப் (முத்திரை) அடித்த தாள் ஒன்றுகூட இல்லை.

அதனால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கடிதம் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சாப் வாங்குங்கள். அதிகாரி இல்லையென்றால் கவுண்டரிலாவது வாங்காமல் நகராதீர்கள். காய்ச்சலால் போக முடியாத நாளுக்கும் இதேதான், எம்.சி.யை (மருத்துவச் சான்றிதழை)ப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

ஜாமீன் நின்ற மாமாவும் தப்ப முடியாது. பத்திரத்தில் போட்ட தொகையை ஏன் கட்டக்கூடாது என்று நீதிமன்றம் அவரைக் கேட்கலாம்.

வாரண்ட் இருப்பது தெரிந்தால் ஒளியாதீர்கள். வக்கீலோடு நீங்களே போய் நில்லுங்கள். வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேளுங்கள். தண்டிக்கும் முன் நீதிமன்றம் உங்கள் பேச்சைக் கேட்கும். சாப் அடித்த தாள் அன்றைக்குத்தான் உதவும்.

பரோல் வேறு, அது தண்டனை முடியுமுன்பே நிபந்தனையோடு சிறையிலிருந்து வெளியே விடுவது. 2008 சிறைச்சட்டத் திருத்தத்தில் வந்தது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்று, பாதியை முடித்தவருக்குப் பரோல் வாரியம் கொடுப்பது. மீறினால் ரத்தாகி, மிச்சக் காலத்துக்கு மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். வட்டாரத்தை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை இருந்தால், பினாங்கில் தாத்தா இறந்தாலும் சரி, பரோல் அதிகாரியிடம் அனுமதி வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.