கூட்டத்துக்கெல்லாம் கதர் கட்டாதீர்கள்: 1921 மதுரைக் காட்சிக்கு உடை சேர்க்கும் முறை

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, தொப்பியையும் மேற்சட்டையையும் விட்டுவிட்டு அரைமுழத் துண்டுக்கு மாறினார். அந்த உடையில் அவர் முதலில் பொதுமக்கள் முன்னால் வந்து நின்ற இடம்தான் காமராசர் சாலையில் உள்ள காந்தி பொட்டல். மதுரைப் பள்ளிகள் மேடையிலும் மைதானத்திலும் அடிக்கடி நடித்துக் காட்டும் நிகழ்வு இது. அடிக்கடி தப்பாகக் காட்டப்படுவதும் இதுதான்.

வாடகைக் கடையில் "சுதந்திரப் போராட்ட செட்" கேட்டால் வட்டக் கண்ணாடி, நீளத் தடி, வழுக்கைத் தலை, பெட்டி ராட்டை, மூவர்ணக் கொடி எல்லாம் ஒரே பையில் வரும். நீளத் தடி என்றதும் நினைவுக்கு வருவது 1930 தண்டி யாத்திரை. பெட்டி ராட்டை எரவாடா சிறையில் உருப்பெற்றது, அதுவும் 1930-ஐ ஒட்டித்தான். 1921-இல் இருந்தது நின்ற சக்கரம் வைத்த பெரிய ராட்டை. அசோகச் சக்கரக் கொடி 1947. 1921 கொடியில் மேலிருந்து கீழாக வெள்ளை, பச்சை, சிவப்பு; மூன்று பட்டைகள் மீதும் படியும்படி ராட்டைப் படம். மதுரைக்கு வந்த அன்று காந்திக்கு 52 வயதுகூட நிறையவில்லை. கறுத்த மீசையும் குட்டையாக வெட்டிய முடியும் போதும். நரைத்த விக் வேண்டாம். அந்தக் காலப் படங்களில் வட்டக் கண்ணாடியும் அபூர்வம்தான்.

தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கும் இரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்து அளவு எடுத்துவருகிற ஆசிரியர்கள் உண்டு. ஆர்வம் சரி, ஆண்டு தப்பு. அது 1948 ஜனவரியில் அவர் உடுத்தியிருந்தது. 1921-க்கு அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

ஆண்டு உறுதியான பிறகு துணிக்கு வருவோம். பெரிய பிழை நடப்பது இங்கேதான். மேடையில் இருக்கிற இருபது பிள்ளைகளுக்கும் வெள்ளைக் கதர் கட்டிவிடுகிறோம். ஆனால் கதர் வாங்க வசதியில்லை என்று மக்கள் சொன்னதைக் கேட்டுத்தான் காந்தி துணியைக் குறைத்துக்கொண்டார். தொடக்கத்தில் அவருடைய ஆசிரமத்தில் தயாரான முதல் கதர்த் துணி கெஜம் பதினேழு அணா விலை. அகலமும் முப்பது அங்குலம்தான். கூட்டமே கதரில் நின்றால் அவர் எதற்காகச் சட்டையைக் கழற்றினார் என்று பார்க்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்? மதுரையில் மில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே வந்துவிட்டது. மில் நூலில் நெய்த கைத்தறித் துணியும், கப்பலில் வந்த சீமை மல் என்ற மெல்லிய துணியும்தான் தெருவில் கண்ணில் பட்டவை. பன்னிரண்டு பேர் கூட்டம் என்றால் தொண்டர்களாக இரண்டு பேருக்குக் கதர், வசதிக்காரர்களாக மூன்று பேருக்கு மெல்லிய மல் வேட்டி, மற்ற ஏழு பேருக்கு மொரமொரப்பான, துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய பருத்தி. இந்த வித்தியாசம் கடைசி வரிசைக்கும் தெரியும்.

காந்தி வேடத்துக்குக் கதர் நிலையத்தில் சலவை செய்யாத, கைநூல் துணியாகக் கேட்டு வாங்குங்கள். மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீட்டிலேயே இன்று கதர் விற்பனை நடக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிய வேண்டும். பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு நூல் உருவி, தண்ணீர்த் தட்டுக்கு மேலே இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பருத்தி காகிதம் போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இன்னொரு சோதனை கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு. அதன் அடியில் துணி நீலமாகப் பளபளத்தால் வெண்மையூட்டும் ரசாயனம் ஏறியிருக்கிறது. அது 1921-இல் துணிக்குப் போடாத பொருள். மைதான வெயிலில் அந்தத் துணி மட்டும் தனியாக, டியூப்லைட் மாதிரி தெரியும்.

சலவையில்லாத கதர் கிடைக்காவிட்டால் காடாத் துணி வாங்கலாம். ஓர் இரவு ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, துவைத்து, காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். மீட்டருக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரை சுருங்கும். வெட்டிவிட்டுத் துவைத்தால் முழங்காலுக்கு வர வேண்டியது தொடைக்குப் போய்விடும். வெளுத்த துணியைப் பழுப்பாக்க டீ டிகாஷனைவிடக் கடுக்காய் சீராகப் பிடிக்கும். உலர்ந்த துணி 400 கிராம் என்றால் 20 கிராம் கடுக்காய்த் தூள். வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் இரு முறை வடிகட்டி, வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியை அரைமணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்து, பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். இரும்புச் சட்டி மட்டும் கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

பதினான்கு வயதுப் பையனுக்கு நீளம் மூன்று மீட்டர், அகலம் முப்பது அங்குலம். மேல் விளிம்பை நான்கு விரல் அகலம் உள்ளே மடியுங்கள். நீளத்தின் நடுப்பகுதி முதுகுப் பக்கம் இடுப்பில் இருக்க, இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து தொப்புளுக்குக் கீழே மேல் விளிம்புகளை இறுக்கி ஒரு முடிச்சு. ஒரு முனையைக் கொசுவி முன்னால் செருகுங்கள். மறுமுனையைக் கொசுவிக் கால்களுக்கு நடுவே எடுத்துப் பின்னால் செருகுங்கள். பின்செருகல்தான் கழலும், அதுவும் ராட்டை முன்னால் தரையில் உட்கார்ந்து எழும்போது. அரைஞாண் கயிறு கட்டி, கொசுவத்தைக் கயிற்றுக்கு அடியில் விட்டு மேலே எடுத்து உருட்டிச் செருகினால் நிற்கும். உள்ளே தோல் நிறத்தில் பருத்தி அரைக்கால் சட்டை. வெள்ளை போட்டால் துணிக்கு வெளியே தெரியும். ஒத்திகையில் பத்து முறையாவது உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய உடையும் அதே பையனுக்கு வேண்டும்: கணுக்கால் வேட்டி, கதர் ஜிப்பா, வெள்ளைத் தொப்பி. தையல் மிஷின் அப்போதே இருந்ததால் மிஷின் தையல் தப்பில்லை. ஓவர்லாக் ஓரமும் பிளாஸ்டிக் பட்டனும்தான் காட்டிக்கொடுக்கும். சிப்பிப் பட்டனோ துணிப் பட்டனோ வையுங்கள்.

பெண்கள் உடைக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த பெரும்பாலான படத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புச் சேலை படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். படத்தில் கறுப்பாகத் தெரிகிற சேலை மதுரைச் சுங்குடியின் அடர் சிவப்பாகவும் இருக்கலாம். இயற்கைச் சாயமாகத் தேடி அலைய வேண்டியதில்லை. செயற்கை அலிசரின் 1869-லும் செயற்கை நீலம் 1897-லும் சந்தைக்கு வந்துவிட்டன. ஒளிரும் பச்சை, ரோஸ் மட்டும் வேண்டாம். சுங்குடியில் கையால் முடிந்த புள்ளி ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கொஞ்சம் சதுரம், ஒன்று கொஞ்சம் நசுங்கல். ஒரே அளவில் வட்டமாக, வரிசை பிசகாமல் இருந்தால் அச்சு. கையில் முடிந்தது விலை கூடுதல். முன்வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு மட்டும் அதை வாங்கிவிட்டு, மற்றவர்களுக்குப் புள்ளியே இல்லாத கட்டம் போட்ட பருத்திச் சேலை எடுப்பது நல்லது.

கிராமத்துப் பெண்களுக்குப் பின்கொசுவம், முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை. இன்றைய ஐந்தரை மீட்டர் சேலை சிறுமிக்குப் பின்கொசுவம் வைக்கத் தாராளம். பெரியவர்களுக்குப் பற்றாது, எட்டு கெஜம் வேண்டும். மூதாட்டி வேடத்துக்குத் தண்டட்டியோ பாம்படமோ தேவைப்பட்டால் தெர்மாகோலில் செதுக்கி, காகிதக் கூழ் பூசி, பித்தளை நிறம் அடித்து, காதுமடலைச் சுற்றி நூலால் மாட்டுங்கள். காதுத் துளையில் தொங்கவிட்டால் பிள்ளைக்கு வலிக்கும்.

காலுக்கு வெறுங்கால் போதும். ரப்பர் செருப்பு கூடாது. மேடை ஏறும் முன் மணிக்கட்டுகளைப் பாருங்கள்: சிவப்புக் கயிறு, ஸ்மார்ட் வாட்ச், ரப்பர் பேண்ட். பையன்களின் பக்கவாட்டு மொட்டை வெட்டை மறைக்கத் தொண்டர் தொப்பியும் தலைத்துண்டும் உதவும்.

ஒவ்வொரு உடைக்கும் ஓர் அட்டை எழுதி மாட்டுங்கள்: எந்த ஆண்டு, எதைப் பார்த்துச் செய்தது, எது அசல், எது மாற்று. "பாம்படம் தெர்மாகோல், சேலை விசைத்தறி" என்று எழுதிவிட்டால் பார்க்கிற பிள்ளை கேட்கும்போது நடிக்கிற பிள்ளை தடுமாறாது. நிகழ்ச்சி முடிந்ததும் துவைத்து, நிழலில் உலர்த்தி, கஞ்சி போடாமல் மடித்து வையுங்கள். கஞ்சித் துணியை இராமபாணப் பூச்சி அரித்துவிடும்; அடுத்த ஆண்டு பெட்டியைத் திறந்தால் ஓட்டைதான் இருக்கும்.