இருபது லிட்டருக்குள் ஓர் ஒளிப்படக்கூடம்

ஒளிப்படங்களைத் திருத்துவதற்கென்று, மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும் சிறிய கணினி ஒன்றை முதன்முறையாகத் தாமே அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் கேபினட்டின் அழகில் மனம் பறிகொடுத்து, அதை முதலில் வாங்கிவிட்டு, மற்ற பாகங்களை அதற்குள் எப்படி அடக்குவது என்று பிறகு யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. கேமரா தரும் கோப்பு திரையில் படமாகத் தெரிவதற்குள் என்னென்ன கணக்குகளைக் கடக்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அந்த மின்சாரம் எவ்வளவு வெப்பமாக வெளியேற வேண்டியிருக்கிறது என்பவற்றை அறிந்துகொண்டால், கேபினட் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்றை, அதாவது ஒளியுணரியான சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, எடுத்துக்கொள்வோம். சென்சாரில் உள்ள பிக்சல் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு நிறத்தின் வடிகட்டி வைக்கப்படுகிறது. பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, எஞ்சிய கால் பங்குக்கு நீலம் என்னும் இந்த அமைப்பை உருவாக்கியவர் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர். 1976இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை அதே அமைப்பையே பின்பற்றுகின்றன. அப்படியானால், ஒரு பிக்சலுக்குரிய மூன்று நிற அளவுகளில் ஒன்றைத்தான் கேமரா பதிவு செய்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது. நாம் ரசிக்கும் வண்ணப்படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு கணினியின் கணிப்பால் வந்தவை என்பது, இந்தத் துறையில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் வியப்பு குறையாத செய்தி.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதற்கான விடையும் இங்கேயே கிடைக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் 14 பிட் அளவில் பதிவானால், சுருக்கப்படாத கோப்பு 42 எம்பி இருக்கும். ஆனால் டார்க்டேபிள் போன்ற மென்பொருள் அந்தப் படத்தைத் திறந்து வேலை செய்யும்போது, கணக்கின் நுட்பம் குலையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு பிக்சலுக்கும் 32 பிட் எண்கள் நான்கை ஒதுக்குகிறது. 24 மில்லியன் பிக்சல்களுக்கு 16 பைட் வீதம் கணக்கிட்டால் 384 எம்பி ஆகிறது. ஒரு திருத்தத்தைச் செய்வதற்கு உள்ளே வரும் படமும் வெளியே போகும் படமும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டுமென்பதால், அது 768 எம்பி ஆகிவிடுகிறது. கோப்புறையில் 42 எம்பி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அதே படம் இப்போது அதைப்போல் பதினெட்டு மடங்கு இடத்தைக் கேட்கிறது. ஃபோட்டோஷாப்பில் லேயர்களை அடுக்குவோரும், பல படங்களை ஒட்டி அகலக் காட்சி உருவாக்குவோரும் இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவார்கள்.

எனவே 16 ஜிபி ரேமை நான் பரிந்துரைக்க மாட்டேன். 32 ஜிபியிலிருந்து தொடங்குவதே முறை. சிறிய மதர்போர்டுகளில் ரேமுக்குப் பொதுவாக இரண்டு இடங்கள்தான் இருக்கும் என்பதால், இரண்டு 16 ஜிபி பட்டைகளைப் போட்டுவிட்டால் பின்னாளில் சேர்ப்பதற்கு இடமில்லை. பழையதைக் கழற்றிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இதைத் தவிர்க்கலாமென்று ஒரே பட்டையைப் போட்டு மற்றோர் இடத்தைக் காலியாக விடுவதும் சரியன்று. அப்போது நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான தரவுப் பாதையின் அகலம் பாதியாகிவிடும். வசதியிருப்பவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு 32 ஜிபி பட்டைகளை வாங்கிவிடலாம்.

கணக்குகளைச் செய்யும் வேலையைச் செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் பகிர்ந்துகொள்கின்றன. நூற்றுக்கணக்கான ரா கோப்புகளை ஒரே மூச்சில் ஜேபெக் ஆக மாற்றும்போது, படத்தின் வெவ்வேறு பகுதிகளை, செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகளான கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். ஆகவே கோர்களின் எண்ணிக்கை உதவுகிறது. தூரிகையால் ஒரு முகத்தின் மேல் மெல்ல வருடும்போது நிலைமை வேறு. அங்கே ஒவ்வோர் அசைவுக்கும் உடனடியாக விடை வர வேண்டும் என்பதால், தனியொரு கோரின் வேகமே கைக்குத் தெரியும். நியூரல் நெட்வொர்க் என்னும் செயற்கை நுண்ணறிவு முறையைக் கொண்டு, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வசதிகளோ இவ்விரண்டிலும் சேராதவை. அவை ஒரே வகைப் பெருக்கலையும் கூட்டலையும் கோடிக்கணக்கில் செய்பவை. ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் அலகுகளைக் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை அது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் மட்டும் அத்தகைய அலகுகள் 3,072 இருக்கின்றன. அதிலுள்ள 8 ஜிபி நினைவகம் ஒளிப்பட வேலைக்குப் போதுமான தொடக்கம். அதன் மின்செலவு 115 வாட் மட்டுமே என்பது சிறிய கேபினட்டுக்கு இன்னும் முக்கியமான செய்தி.

செயலி செலவிடும் மின்சாரத்தில் பெரும்பகுதி, அது ஓடும் அதிர்வெண்ணையும், அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. அதிர்வெண்ணை 10 சதவீதம் உயர்த்துவதற்கு மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தால், மின்செலவு 1.1 × 1.1 × 1.1 என்னும் கணக்கில் 33 சதவீதம் கூடிவிடும். கடைசிச் சிறு வேகத்துக்குக் கொடுக்கும் விலை அவ்வளவு அதிகம். இதைச் சந்தையிலேயே பார்க்கலாம். ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகளான ரைசன் 7 7700, ரைசன் 7 7700எக்ஸ் ஆகிய இரண்டிலும் கோர்கள் எட்டுதான். உச்ச அதிர்வெண் முறையே 5.3, 5.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் முதலாவது 88 வாட் வரை மட்டுமே இழுக்க, இரண்டாவது 142 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பெரிய கேபினட்டில் இந்தக் கூடுதல் 54 வாட் ஒரு பொருட்டன்று. உள்ளங்கை அளவு இடத்தில் அந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டியவருக்கு, எக்ஸ் இல்லாத செயலியே அறிவான தேர்வு.

இனி அளவுகளுக்கு வருவோம். சிறிய கணினிகளின் அடித்தளமான மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டை வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்தியது. அது 170 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. பவர் சப்ளையும் வழக்கமான பெரிய அளவில் இல்லாமல் எஸ்எஃப்எக்ஸ் என்னும் சிறிய அளவில் இருக்க வேண்டும். மேலே சொன்ன செயலிக்கு 88, கார்டுக்கு 115, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தால் ஏறத்தாழ 250 வாட் ஆகிறது. பவர் சப்ளைகள் பாதிச் சுமையில்தான் மிகுந்த திறனோடு இயங்கும் என்பதால், 550 வாட் எஸ்எஃப்எக்ஸ் தாராளமாகப் போதும்.

கேபினட்டில் பார்க்க வேண்டிய முதல் எண், செயலியின் கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது என்பது. ஃப்ராக்டல் டெரா கேபினட்டின் கொள்ளளவு 10.4 லிட்டர்தான். அதன் நடுவிலுள்ள சட்டத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொள்ளலாம். தடித்த கிராஃபிக்ஸ் கார்டுக்காக அதை ஒருபுறம் தள்ளினால், மறுபுறத்தில் கூலருக்குரிய உயரம் 77 மில்லிமீட்டரிலிருந்து 48 வரை குறைந்துகொண்டே வரும். 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏ அதில் எந்த நிலையிலும் அடங்கும். ஆனால் அதன் விசிறி 92 மில்லிமீட்டர் அகலமே கொண்டது என்பதால், அதே காற்றைத் தள்ளுவதற்கு அது வேகமாகச் சுழன்று ஒலியெழுப்ப வேண்டியிருக்கும். 18 லிட்டர் கொள்ளளவுள்ள கூலர் மாஸ்டர் என்ஆர்200இல் ஏறத்தாழ 155 மில்லிமீட்டர் உயரமுள்ள கூலரையும் 120 மில்லிமீட்டர் விசிறிகளையும் வைக்கலாம். முதன்முறை அசெம்பிள் செய்பவருக்கு இந்த இரண்டாம் வகையையே சொல்வேன். கேபிள்களை வளைத்துச் சொருகுவதற்கும் அதில்தான் விரல் நுழையும்.

கூலர் எதுவாக இருந்தாலும், செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் கொண்டுவர இயலாது. அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் என்ற அளவிலேயே அது வேலை செய்யும். 21 டிகிரி அறையில் சோதித்து 75 டிகிரி என்று எழுதப்பட்ட கூலர், மே மாதத்துச் சென்னையில் குளிரூட்டி இல்லாத 35 டிகிரி அறையில் 89 டிகிரியைக் காட்டும். ரைசன் 7000 வரிசைச் செயலிகள் 95 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டுச் சோதனை முடிவுகளைப் படிக்கும் நம் வாசகர்கள் இந்த வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே படிக்க வேண்டும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மதர்போர்டிலேயே நேரடியாகச் சொருகும் என்விஎம்ஈ வகை எதுவும் ஒளிப்படத்துக்குப் போதிய வேகமுடையது. ஆனால் மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் இரண்டாவது எஸ்எஸ்டியின் இடம் போர்டின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. அங்கே காற்றோட்டம் இல்லாததால், அதிகம் சூடாகாத ஒன்றை அங்கே வைத்து, முடிந்த படங்களைச் சேமிக்கப் பயன்படுத்தலாம்.

மிச்சப்படும் பணம் மானிட்டருக்குப் போக வேண்டும். இணையப் படங்களுக்குப் பொதுவான நிற வரம்பாகிய எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முழுமையாகக் காட்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையும், அதை அளந்து சரிசெய்யும் கலரிமீட்டர் கருவியும் இல்லாவிட்டால், எவ்வளவு வேகமான கணினியானாலும் தவறான நிறத்தை விரைவாகத் திருத்துவதற்கே உதவும். அச்சுக்குப் படம் அனுப்புவோர், அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியையும் காட்டும் திரையைத் தேட வேண்டும்.

பாகங்களைப் பூட்டி முடித்ததும், கேபினட்டின் பக்கத் தகடுகளை மூடிவிட்டு, நூற்றுக்கணக்கான ரா கோப்புகளை அரைமணி நேரம் இடைவிடாமல் ஏற்றுமதி செய்யவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் செயலியின் வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் கவனியுங்கள். வெப்பநிலை வரம்பை முட்டி அதிர்வெண் படிப்படியாகச் சரிந்தால், புதிய கூலரைத் தேடுவதற்கு முன், மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் சென்று மின்வரம்பை 65 வாட்டுக்குக் குறைத்து, அதே கோப்புகளை மறுபடியும் ஏற்றுமதி செய்து, இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.