எடை மாறவில்லை, நடை ஏன் தளர்ந்தது?

மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் கடந்த ஒரு பெண்மணி எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, முன்பிருந்த அதே 62 கிலோவைக் கண்டு நிம்மதியோடு இறங்குகிறார். ஆனால் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றாமல் அவரால் ஏற முடிவதில்லை. கடைவீதியில் உடன் வருபவர்கள் நாலடி முன்னே போய்விடுகிறார்கள். இதற்கான விடை, அந்த 62 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதில் இருக்கிறது.

சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், கொழுப்பைப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேர்த்துவைக்கும். மாதவிடாய் நின்று அச்சுரப்பு வெகுவாகக் குறைந்தபின், கொழுப்பு வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியத் தொடங்குகிறது. தசைநார்களைப் பழுதுபார்க்கும் செல்களைப் பேணுவதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. அதனால், வயதோடு வரும் தசையிழப்பும் இக்காலத்தில் விரைவு பெறுகிறது. முதலில் மெலிபவை விரைந்து சுருங்கும் நார்களே. கால் இடறும் நொடியில் மறுகாலைச் சட்டென்று முன்வைத்து நம்மை விழாமல் காப்பவை அவைதான் என்பதால், இந்த இழப்பை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

நடக்கும்போது பின்னங்காலின் குதிகால் மேலெழ, கெண்டைக்கால் தசை உடலை முன்னே உந்துகிறது. அந்தத் தசை நலிந்தால், உந்தும் வேலையை இடுப்புத் தசைகள் ஏற்கின்றன. எடுத்துவைக்கும் எட்டு குறுகுகிறது, அதே தூரத்தைக் கடக்கக் கூடுதலாக மூச்சு வாங்குகிறது. பாரம் ஏற ஏற மாடு இளைத்துக்கொண்டே போகும் வண்டியின் நிலை இது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி, இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனாலும், நடைவேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தாலும் தசையின் செயல்திறன் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

"தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது, வயிற்றுக் கொழுப்பையும் குறைக்க உதவும். ஆனால் பழகிய சமதள நடை, தசை வளரும் அளவுக்கு அதற்குப் பளு தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதும் நல்ல தொடக்கம். எலும்புத் தேய்வோ கடும் மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

வயதாகிவிட்டது என்று தயங்குவோருக்கு, 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர் மரியா ஃபியாடரோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். முதியோர் காப்பகத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய 10 பேர், எட்டு வாரம் கால்களால் பளு தூக்கினார்கள். பயிற்சியை நிறைவு செய்தவர்களின் தசைவலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அந்த வலுவில் 32 சதவீதம் குறைந்துபோனது.