“அங்கே போய்ட்டு வந்தாலே இப்படித்தான்”

பிரிந்து வாழும் பெற்றோர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வரும்போது, அனேகமாக எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. “அங்கே போய்ட்டு வந்தாலே ரெண்டு நாளைக்குப் பிள்ளை சரியா இருக்கறதில்லை.” அம்மா சொல்வார். பிறகு தனியாக வரும் அப்பாவும் அச்சு மாறாமல் அதையே சொல்வார். எரிச்சல், சாப்பாட்டில் அடம், தொட்டதற்கெல்லாம் அழுகை, சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி. அந்த வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்பதுதான் இருவருடைய கோரிக்கையும்.

நான் பார்த்தவரை, பெரும்பாலும் அந்த வீட்டில் ஒன்றும் நடந்திருக்காது. நடந்தது வழியில். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்.

மாறும் நாளில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். ஒருவரிடம் விடைபெற வேண்டும். அவர் முகம் வாடுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க வேண்டும். வாசலில் இன்னொருவர் காத்திருப்பார், அவரைக் கண்டதும் சிரிக்க வேண்டும். ரொம்பச் சிரித்தால் பின்னால் நிற்பவருக்கு வருத்தமாகிவிடுமோ என்ற கணக்கு வேறு. எத்தனை மணிக்குத் தூக்கம், எவ்வளவு நேரம் போன், யாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசினால் வீடு அமைதியாகிவிடும், எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளியில் நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டுக்குள் கால் வைத்ததும் பையை வீசிவிட்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியரைக் கேட்டால் “நல்லாத்தானே இருந்தான்” என்பார். அடக்கி வைத்ததை நம்பகமான ஆளிடம்தான் பிள்ளைகள் கொட்டுவார்கள். திரும்பி வந்த மாலை உங்கள்மேல் எரிந்து விழுவதும் பெரும்பாலும் அந்த வகைதான். அதை அடுத்த வீட்டின்மேல் புகாராக எழுதிவிட்டால் சண்டைக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைக்குமே தவிர, குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பையன். அப்பா வீட்டிலிருந்து வந்ததும் அம்மாவிடம், “அங்க ஒரே போர், சும்மா டிவிதான் பாத்தேன்” என்பான். அடுத்த முறை கிளம்பும் நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இங்கயே இருந்துக்கவா?” என்பான். இருவரும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்கள். “நீதான் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுக்கற” என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். அவனோ என் அறையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், தானாகச் சொன்னான்: “ஜாலியா இருந்துச்சுன்னு சொன்னா அம்மா பேசாம ஆயிடுவாங்க.” சற்று நேரம் கழித்து, “அப்பா தனியா இருப்பாங்கள்ல” என்றான்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பெரியவர்களின் மனநிலையை ஒரு சின்னப் பையன் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறான். எதிரில் இருப்பவரின் முகத்துக்கு எது தேவையோ அதைக் கொடுக்கிறான். பெற்றோர் பிரிந்ததைவிட, பிரிந்த பிறகும் ஓயாமல் சண்டை போடும் பெற்றோருக்கு இடையில் மாட்டிக்கொள்வதுதான் பிள்ளைகளை அதிகம் உருக்குகிறது என்பது என் அனுபவம். ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. 1991இல் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் அதுவரை வந்திருந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்பு, நடத்தை, மனநலம் எல்லாவற்றிலும் பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் சராசரியில் அந்த வித்தியாசம் சிறியது. அதே ஆண்டு கிறிஸ்டி புக்கானனும் அவருடைய சகாக்களும் வளரிளம் பருவத்தினரிடம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறதா என்றே கேட்டார்கள். பெற்றோருக்குள் பகை அதிகமாகவும் ஒத்துழைப்பு குறைவாகவும் இருந்த வீடுகளில் அந்த உணர்வு கூடுதலாக இருந்தது. அப்படி மாட்டிக்கொண்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்பட்டன.

சரி, அந்த மாலையில் என்ன செய்வது? முதல் ஒரு மணி நேரம் கேள்வியே வேண்டாம். “அங்க யார் வந்தாங்க, என்ன வாங்கிக் கொடுத்தாங்க, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா” என்பதெல்லாம் நமக்குச் சாதாரண விசாரிப்பாகத் தோன்றும். குழந்தைக்கு அது சாட்சிக் கூண்டு. “வந்துட்டியா, வா” என்று சொல்லிவிட்டு, குளியல், சாப்பாடு, வழக்கமான விளையாட்டு என்று வீட்டின் போக்கிலேயே விட்டுவிடுங்கள். மாறும் நாளில் விருந்தாளி, வெளியூர்ப் பயணம், தேர்வுக்குப் படிப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அழுதால் “அப்பாவைத் தேடுதா?” என்று அவர் பெயரை நீங்களே எடுங்கள். ஒரு வீட்டில் இன்னொருவரின் பெயரைச் சாதாரணமாகச் சொல்ல முடிகிறது என்று தெரிந்தாலே குழந்தையின் பாதி இறுக்கம் போய்விடும். போய் வந்த இடத்தில் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னால், “அப்படியா, நல்லா இருந்துச்சா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனசுக்குள் வலிக்கத்தான் செய்யும், அதை ஒரு நண்பரிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள்.

அனுப்பும்போதும் அப்படித்தான். “நீ இல்லாம நான் எப்படித்தான் இருக்கப் போறேனோ” என்று கட்டிப்பிடித்து அழுது அனுப்பினால், அங்கே போன குழந்தை உங்களுக்குக் காவல் இருந்துகொண்டே விளையாடும்.

கைமாறும் இடத்தையும் யோசிக்கலாம். பள்ளி நாட்களில் காலையில் ஒருவர் கொண்டு விட்டு, மாலையில் மற்றவர் கூட்டிவந்தால், குழந்தை இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டியதில்லை. பகை தணியாத குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், இரவு உடை போன்றவை இரு வீட்டிலும் தனித்தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டும் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் தான் விருந்தாளி என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையோ போர்வையோ எதுவானாலும், அது குழந்தையோடுதான் போக வேண்டும். “நான் வாங்கிக் கொடுத்தது, இங்கேயே இருக்கட்டும்” என்று பிடித்துவைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

தகவல் பிள்ளையின் வாய் வழியாகப் போகக் கூடாது. “பள்ளிக் கட்டணம் இன்னும் கட்டலைன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்ற ஒரு வரியில், பணத் தகராறு முழுவதும் அந்தச் சின்னத் தோளில் ஏறிவிடுகிறது. பெரியவர்களுக்குள் குழந்தைக்காக மட்டும் ஒரு நோட்டோ தனிச் செய்திப் பெட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எப்போது கொடுத்தது, காய்ச்சல் எவ்வளவு, வீட்டுப்பாடம், அடுத்து எப்போது கூட்டிப்போவது. அவ்வளவுதான். “வழக்கம்போல நீ மறந்துட்ட” போன்ற சொற்களை அனுப்பும் முன் அழித்துவிடுங்கள்.

இரண்டு வீட்டிலும் ஒரே சட்டதிட்டம் வேண்டும் என்று பலர் மல்லுக்கட்டுகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. பள்ளிக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி என்று பிள்ளைகள் ஏற்கெனவே பழகியவர்கள்தான். மருந்து, பாதுகாப்பு, சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரம் ஆகியவற்றில் ஒத்துப்போனால் போதும்.

வயதையும் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு வாரம் என்பது மிக நீண்ட பிரிவு, அடிக்கடி கொஞ்ச நேரம் பார்ப்பதே நல்லது. நான்கைந்து வயதில், தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பும் குழந்தைகள் உண்டு. “இது பெரியவங்க எடுத்த முடிவு, உன்னால இல்ல” என்று ஒரு தடவை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பதின்ம வயதினர் வார இறுதியில் வர மறுத்தால், அது பெரும்பாலும் நண்பர்களுக்காக. உங்களை ஒதுக்குவதாக எடுத்துக்கொண்டு முகம் திருப்பாதீர்கள்.

“உனக்கு யார்கூட இருக்கப் பிடிக்குது?” என்ற கேள்வியை மட்டும் வீட்டில் கேட்காதீர்கள். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை தாய் தந்தை இருவரோடும் முறையாகத் தொடர்பில் இருப்பதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. பெற்றோரின் உரிமையாக அல்ல. 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல அதற்கு உரிமை தருகிறது. கருத்துக் கேட்பது வேறு, தீர்ப்புச் சொல்ல வைப்பது வேறு. எந்தக் கிழமை வசதி, எந்தப் பொருள் அங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு வீடும் பாதுகாப்பானவை என்ற அடிப்படையில்தான். பிரிவுக்குக் காரணமே அடிதடி என்றால், ஒத்துழையுங்கள் என்று யாரும் உங்களுக்கு உபதேசம் செய்யக் கூடாது. முதலில் பாதுகாப்புக்கு ஏற்பாடு, மற்றதெல்லாம் பிறகு. மாறுதலால் வரும் எரிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும், இரண்டு வீட்டிலும் வெளிப்படும். போவதற்கு முன்பே நடுங்குவது, உடம்பில் விளக்கம் இல்லாத காயங்கள், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, குறிப்பிட்ட ஒருவரைச் சொல்லிப் பயப்படுவது ஆகியவை வேறு ரகம். அப்போது குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், போனைத் தூக்கி வீடியோ எடுக்காதீர்கள். “சொல்லு, கேட்டுக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே மருத்துவரையோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பையோ அணுகுங்கள்.

அப்படி எந்த அறிகுறியும் இல்லாமல், எரிச்சல் மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கிறது, தூக்கம் கெடுகிறது, படிப்பு சரிகிறது என்றால் ஆலோசகரிடம் வாருங்கள். இருவரும் சேர்ந்து வர முடியாவிட்டால் தனித்தனியாக வந்தாலும் பரவாயில்லை. வரும்போது மற்றவர்மீதான புகார்ப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று வாரத்தில் குழந்தை எந்தெந்த நாளில் வீடு மாறியது, அன்று எப்படித் தூங்கியது, என்ன சாப்பிட்டது, எப்போது சரியானது என்ற குறிப்பைக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு உதவுவது அதுதான்.