மாமாவின் டொலர் கம்பனிக்குள் வரும் வழி: உள்முக முதலீட்டுக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். கிணற்று நீரில் உப்பு ஏறுவதை அளந்து தோட்டக்காரரின் தொலைபேசிக்குச் சொல்லும் ஒரு சிறு கருவி. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாமல் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டுக்கு இது சும்மா ஒரு வியாபாரம் இல்லை. ஊருக்கும் நாட்டுக்கும் வேண்டிய பொருள்.

இப்படியான கம்பனிகளை வளர்க்க மற்ற நாடுகள் துணிகர மூலதனத்தை, அதாவது இளம் கம்பனிகளில் ஆபத்தை ஏற்றுப் போடும் முதலீட்டைக் கையாள்கின்றன. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் தேவைக்காக 1999இல் தொடங்கிய இன்-கியூ-டெல், இளம் தொழில்நுட்பக் கம்பனிகளில் முதலிடுகிறது. அது காசு போட்ட கீஹோல் என்ற கம்பனியின் மென்பொருள்தான் பிறகு கூகுள் ஏர்த் ஆனது. இந்திய அரசு 2016இல் 10,000 கோடி ரூபாயில் ஒரு நிதியம் அமைத்தது. அது ஸ்டார்ட்அப்புகளுக்கு நேரே காசு கொடுப்பதில்லை, பதிவு பெற்ற முதலீட்டு நிதியங்கள் ஊடாகக் கொடுக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்று: காசு கடனாக வராது, பங்குக்காக வரும். கம்பனி விழுந்தால் முதலும் போகும். வளர்ந்தால் பங்கின் பெறுமதி ஏறும்.

நம் பிள்ளைகளின் கதவை முதலில் தட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நிதியம் அல்ல, ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவின் காசுதான். அந்தக் காசு வரும் வழி பிழைத்தால் பின்னால் வரக்கூடிய பெரிய முதலீடும் சிக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் வசிப்பவர் இலங்கைக் கம்பனியில் பங்கு வாங்குவதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் உள்முக முதலீட்டுக் கணக்கு. வங்கியில் ஐஐஏ என்றால் உடனே விளங்கும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், இரட்டைக் குடியுரிமையாளர், வெளிநாட்டில் வசிக்கும் இலங்கையர், வெளிநாட்டுக் கம்பனி என எல்லோரும் இதைத் திறக்கலாம். கணக்கு மாமாவின் பெயரில் இருக்க வேண்டும், கம்பனியின் பெயரில் அல்ல. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் காசு முதலில் இந்தக் கணக்கில் விழ வேண்டும், அங்கிருந்து கம்பனியின் கணக்குக்குப் போக வேண்டும். நாளைக்கு மாமாவுக்கு வரும் பங்கிலாபமும், பங்கை விற்ற காசும் இதே கணக்குக்கு வந்து, இதன் ஊடாகவே வெளிநாட்டுக்குத் திரும்பும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். “அம்மாவின் கணக்குக்குப் போடுறன், எடுத்துக் கம்பனியில் போடு” என்பார் மாமா. அல்லது வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் காசு கைமாறும் உண்டியலில் அனுப்புவார். காசு கைக்கு வந்துவிடும், வேலையும் நடக்கும். ஆனால் அது வெளிநாட்டு முதலீடாக வந்ததற்கு எந்தச் சுவடும் இராது. மாமாவின் பங்குக்குரிய காசை முறையாக வெளியே அனுப்பும் வழி அடைபட்டுவிடும். பிறகு ஒரு முதலீட்டு நிதியம் கணக்கு வழக்கைப் பார்க்க வரும்போது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று “இந்தப் பங்குக்கான காசு எங்கிருந்து, எப்படி வந்தது?” என்பதுதான். உண்டியலுக்கு என்ன பதில் சொல்வது?

எல்லாத் தொழிலிலும் வெளிநாட்டவர் முழுப் பங்கு வைத்திருக்க முடியாது. அடகு பிடித்தல், கரையோர மீன்பிடி, 5 மில்லியன் அமெரிக்க டொலருக்குக் குறைந்த முதலீட்டில் சில்லறை வியாபாரம் ஆகியவை அவர்களுக்கு மூடப்பட்டவை. ஆழ்கடல் மீன்பிடி, கல்வி, வெகுசன ஊடகம், நெல் தென்னை பயிரிடுதல் போன்றவற்றில் 40 வீதம் வரைதான், அதற்கு மேல் போக முதலீட்டுச் சபையின் அனுமதி வேண்டும். மென்பொருள் இந்தப் பட்டியலில் இல்லை. மீனவருக்கு ஒரு செயலி செய்யும் கம்பனி மீன்பிடிக் கம்பனி ஆகிவிடாது, ஆனால் அதே கம்பனி படகு வாங்கிக் கடலுக்கு அனுப்பினால் கதை வேறு.

சரி, பங்கு வழங்குவது எப்படி? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, தனியார் கம்பனியில் ஊழியர் நீங்கலாக 50 பங்குதாரருக்கு மேல் இருக்கக் கூடாது, பொதுமக்களுக்குப் பங்கு விற்கவும் கூடாது. சொந்தக்காரர் பத்துப் பேர் சேர்ந்து போடுவதற்குத் தடை இல்லை. பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்துப் பங்கை வழங்கிய பின் 20 வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 6 போக வேண்டும். கம்பனிச் செயலாளர் செய்வார் என்று விட்டுவிடாமல், போய்விட்டதா என்று நீங்களே கேளுங்கள்.

ஒரு கணக்கையும் கவனியுங்கள். இருவரிடமும் மொத்தம் 1,000 பங்கு இருக்கிறது, மாமாவுக்கு 10 வீதம் தருவதாகப் பேச்சு. 100 புதுப் பங்கு வழங்கினால் மொத்தம் 1,100 ஆகும், மாமாவின் பங்கு 9.09 வீதம்தான். பத்தைத் தொட 112 பங்கு வழங்க வேண்டும். சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இப்படித்தான் தொடங்கும். பேசிய வீதம் புதுப் பங்கைச் சேர்த்த பிறகா, முன்பா என்பதை உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள்.

மாமா கடனாகத்தான் தருவேன் என்றால் ஐஐஏ கணக்கு பொருந்தாது. வெளிநாட்டுக் கடனுக்கு வேறு கணக்கும் வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆகவே பங்கா கடனா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பங்கு என்றால், அவர் பெயரில் ஐஐஏ திறந்து கணக்கு இலக்கம் கைக்கு வந்த பிறகு மட்டும் “இனி அனுப்புங்கோ மாமா” என்று சொல்லுங்கள்.