வீடியோ ஏற்றினால் பாடம் நடத்தியாகிவிடுமா?

இந்த செமஸ்டரும் ஒரு மாணவி பன்னிரண்டு வார ஆன்லைன் கோர்ஸை மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிட்டாள். "டவுட் கேட்டு ரெண்டு தடவை எழுதினேன் மேம், யாருமே பதில் போடலை" என்கிறாள். கல்லூரியில் மென்டராக இருக்கும் எனக்கு இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயத்தில் படிக்கலாம். பட்டமே இதை நம்பி இருக்கும் பிள்ளைகள் இவர்கள்.

கோர்ஸ் நடத்துபவர்களைக் கேட்டால், "ஐயாயிரம் பேருக்கு நான் ஒருத்தர் எப்படிப் பதில் எழுதுவது?" என்கிறார்கள். ஐயாயிரம் பதில் யார் கேட்டார்கள்? ஒரு வாரத்தில் வந்த கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏழெட்டுச் சந்தேகங்களே வேறு வேறு வார்த்தைகளில் வந்திருக்கும். கேட்டவர்களின் பெயரைச் சொல்லி, அவற்றுக்குப் பத்து நிமிடம் போனிலேயே பேசிப் பதிவு செய்து, அந்த வாரமே போடுங்கள். பெயர் வராத மாணவருக்கும் தன் கேள்வியை ஒருவர் படிக்கிறார் என்பது தெரிந்துவிடும். எப்போதோ ஸ்டூடியோவில் எடுத்த வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த உணர்வைத் தராது. எல்லோரையும் ம்யூட்டில் போட்டு ஸ்லைடு வாசிக்கும் லைவ் வகுப்பும் தராது.

கோர்ஸ் நடத்துபவருக்கு உதவ டிஏக்கள் (டீச்சிங் அசிஸ்டன்ட்கள்) இருக்கிறார்கள் அல்லவா? ஆளுக்கு இத்தனை மாணவர் என்று பிரித்துக் கொடுங்கள். கடைசி வாரம் வரை அதே டிஏ, அதே மாணவர்கள். பதிலின் கீழே 'கோர்ஸ் டீம்' என்று போடாமல் சொந்தப் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

சக மென்டர்களுக்கு: தேர்வுக் கட்டணம் கட்டியாச்சா என்று வாட்ஸ்அப்பில் விரட்டுவதோடு நம் வேலை முடிவதில்லை. இரண்டாம் வார அசைன்மென்ட் போடாதவர்களைக் கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று கேளுங்கள். ஸ்வயத்தில் ஐஐடிகள் முன்னின்று நடத்தும் என்பிடெல்லின் எட்டு வாரப் பாடங்களில் சிறந்த ஆறு அசைன்மென்டுகளைத்தான் 25 மதிப்பெண்ணுக்கு எடுக்கிறார்கள். மீதி 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஒன்றிரண்டு போனதுமே எல்லாம் போச்சு என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

மாணவர்களே, நீங்களும் தயவுசெய்து 'புரியவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம், அதுவரை என்ன புரிந்தது என்று எழுதுங்கள். இரண்டு நாளில் பதில் வரவில்லையா, கூச்சப்படாமல் உங்கள் கல்லூரி மென்டரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.